5,000 வெள்ளியா, 7,000 வெள்ளியா? இளம் வழக்கறிஞர்களின் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, சட்டப் படிப்பை முடித்தவர்களின் முதல் வேலையையும் சம்பளத்தையும் பற்றியவை. சிங்கப்பூரில் 24 ஆண்டுகளாக வழக்கறிஞர் தொழில் செய்பவன் என்ற முறையில் அவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. அந்த வாசகியின் நிலையில் இன்று பலர் இருப்பதால் அதைச் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: வணக்கம் ஐயா. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, வழக்கறிஞர் தகுதித் தேர்வின் 'பி' பகுதியிலும் தேர்ச்சி பெற்று, இப்போது பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் ஓராண்டுப் பயிற்சியின் கடைசி மாதத்தில் இருக்கிறேன். அந்த நிறுவனம் தன் கார்ப்பரேட் பிரிவில் மாதம் 7,000 வெள்ளிக்கு என்னை வைத்துக்கொள்ள முன்வந்திருக்கிறது. பீப்பிள்ஸ் பார்க் சென்டரில் நான்கு வழக்கறிஞர்கள் மட்டுமே உள்ள ஓர் அலுவலகம், குற்றவியல், குடும்பம், வேலையிடக் காயம் ஆகிய வழக்குகளைக் கவனிக்க 5,000 வெள்ளி தருவதாகச் சொல்கிறது. நீதிமன்றத்தில் நின்று வாதாட வேண்டும் என்ற ஆசையில்தான் சட்டமே படித்தேன். ஆனால் என் படிப்புக்காக அப்பாவின் மத்திய சேம நிதியிலிருந்து எடுத்த தொகை, வட்டியோடு சேர்த்து 40,000 வெள்ளியாக நிற்கிறது. பேருந்து ஓட்டுநரான அப்பாவுக்கு இன்னும் சில ஆண்டுகளில் 65 வயதாகிவிடும். வீட்டுச் செலவுக்கும் மாதம் 1,000 வெள்ளி கொடுக்க விரும்புகிறேன். கிடைத்த பெரிய இடத்தை விட்டுவிட்டு யாராவது சின்ன இடத்துக்குப் போவார்களா என்று கேட்கிறார் அம்மா. இங்கே என் பிரிவில் இருப்பவர்கள் பெரும்பாலான நாள்களில் இரவு 10 மணிக்குப் பிறகே வீடு திரும்புகிறார்கள். நான் என்ன செய்வது?
— வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் அம்மாவின் கேள்வியை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஒரு பேருந்து ஓட்டுநரின் சேமிப்பில் படித்த பிள்ளை, சம்பளத்தைப் பார்க்காமல் ஆசையை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஆகவே முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம்.

7,000 வெள்ளிச் சம்பளத்தில் மத்திய சேம நிதிக்கு உங்கள் பங்காக 20 விழுக்காடு, அதாவது 1,400 வெள்ளி போய்விடும். கைக்கு 5,600 வெள்ளி வரும். 5,000 வெள்ளியில் 1,000 போக 4,000 வரும். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் நிதிக்குப் பிடிக்கும் 9 வெள்ளி இரண்டிலும் ஒன்றுதான். முதலாளியின் பங்கு 17 விழுக்காடு என்பதால் ஒருவர் 1,190 வெள்ளியும் மற்றவர் 850 வெள்ளியும் உங்கள் கணக்கில் போடுவார்கள். அடுத்து வருமான வரி. இங்கே வரியை மாதச் சம்பளத்தில் பிடிப்பதில்லை. மறு ஆண்டில் கட்டணச் சீட்டாக வரும்போதுதான் பல இளையர்கள் திடுக்கிடுகிறார்கள். போனஸும் வேறு கழிவுகளும் இல்லையென்று வைத்துக்கொண்டால், முழு ஆண்டுச் சம்பளத்துக்கு முதல் வேலையில் ஏறத்தாழ 2,380 வெள்ளியும் இரண்டாவதில் ஏறத்தாழ 1,040 வெள்ளியும் வரி வரும்.

அப்பாவின் சேம நிதிக் கடனை, படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு ரொக்கமாகத் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். அதிகபட்சம் 12 ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டியில் 40,000 வெள்ளியை ஐந்தாண்டுகளில் அடைக்க மாதம் 710 வெள்ளியும், 12 ஆண்டுகளில் அடைக்க மாதம் 322 வெள்ளியும் ஆகும். ஐந்தாண்டுக் கணக்கையே பாருங்கள். உங்கள் அப்பா 65 வயதில் மாதந்தோறும் பெறவிருக்கும் தொகை அவர் கணக்கில் அப்போது என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது; கடனை விரைந்து அடைப்பதுதான் முறை. சிறிய அலுவலகத்தின் 4,000 வெள்ளியில் வீட்டுக்கு 1,000, கடனுக்கு 710, சிண்டாவுக்கு 9, வரிக்காக ஒதுக்க வேண்டிய 87 ஆகியவை போனால் உங்கள் கையில் 2,190 வெள்ளியை ஒட்டி மிஞ்சும். பெற்றோருடன் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் வாழும் ஒருவருக்கு இது தாராளம் இல்லை. ஆனால் தட்டுப்பாடும் இல்லை. பெரிய நிறுவனத்தில் இதே கழிவுகளும், அங்கே வரிக்காக ஒதுக்க வேண்டிய 198 வெள்ளியும் போனால் 3,680 வெள்ளியை ஒட்டி மிஞ்சும்.

இந்தக் கணக்கிலிருந்து நான் பெறுவது ஒன்றுதான். மாதம் 1,500 வெள்ளி வித்தியாசம் உண்மையானது, ஆண்டுகள் செல்லச் செல்ல சம்பள உயர்வும் போனஸும் அதைப் பெரிதாக்கவும் கூடும். ஆனாலும் உங்கள் கடமைகளைச் சிறிய சம்பளமும் தாங்குகிறது. கடமைகளைத் தாங்காத சம்பளமாக, உதாரணமாக 3,500 வெள்ளியாக அது இருந்திருந்தால், முதலில் பெரிய நிறுவனத்துக்குப் போய்க் கடனை அடைத்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். வேலை கற்றுத் தருகிறோம் என்ற பெயரில் பிழைக்க முடியாத சம்பளம் கொடுப்பதை நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். பெரிய நிறுவனத்தில் வாரம் 65 மணி நேரம் உழைத்து 7,000 வெள்ளி வாங்கினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 25 வெள்ளி. சிறிய அலுவலகத்தில் வாரம் 50 மணி நேரம் உழைத்து 5,000 வெள்ளி வாங்கினால் ஏறத்தாழ 23 வெள்ளி. சிறிய அலுவலகத்திலும் இரவு வேலை உண்டு என்பதால் இந்த ஒப்பீட்டை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆனால் வீட்டில் பேசும்போது இதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

இனி வேலையைப் பற்றி. கார்ப்பரேட் பிரிவில் நீங்கள் நிறுவனங்களைக் கையகப்படுத்துதல், பங்கு வெளியீடு, கடன் ஒப்பந்தம் ஆகியவற்றைப் படிப்பீர்கள், எழுதுவீர்கள். அது நுட்பமான, மதிப்புக்குரிய வேலை. ஆனால் அங்கே நீதிமன்றம் இல்லை. நீதிமன்ற ஆசையை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே மூன்று, நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வருபவர்களை நான் நேர்முகத் தேர்வில் பார்த்திருக்கிறேன். அறிவில் குறையில்லாத அவர்கள், ஜாமீன் மனு ஒன்றையும் எழுதியிராததால் முதலாண்டுக்காரர் இடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. அதற்குள் வீடு, திருமணம், கார் என்று செலவுகள் பழைய சம்பளத்துக்கு ஏற்ப வளர்ந்துவிடுவதால் அந்த இறக்கத்தைத் தாங்க முடிவதில்லை. சிறிய அலுவலகத்திலோ, சில வாரங்களிலேயே அரசு நீதிமன்றங்களில் வழக்கு நிலவர விசாரணைகளுக்குச் செல்வீர்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் 60,000 வெள்ளி வரம்புக்கு உட்பட்ட சிறு சிவில் வழக்குகளும், தண்டனைக் குறைப்பு வேண்டுகோள்களும், குடும்ப நீதிமன்றத்தின் பராமரிப்பு மனுக்களும் முதல் ஆண்டிலேயே உங்கள் கைக்கு வரும்.

ஆனால் இங்கேதான் உங்களை நான் எச்சரிக்க வேண்டும். நானும் ஒரு சிறிய அலுவலகத்தில்தான் தொடங்கினேன். இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு ஒரு கோப்பை என் கையில் கொடுத்து, ஒன்பது மணிக்கு நீதிமன்றத்தில் நிற்கச் சொன்னார்கள். ஹேவ்லாக் ஸ்குவேரின் எண்கோண நீதிமன்றக் கட்டடத்துக்கு ஓடினேன். லாரி ஓட்டுநரான ஒரு தமிழருக்கு நான் தண்டனைக் குறைப்பு கேட்க வேண்டும். நீதிபதி அவருடைய முந்தைய குற்றப் பதிவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் திரும்பிக் கட்சிக்காரரைப் பார்த்தேன். வெளியே வந்தபின் அவர் கோபப்படவில்லை. "தம்பி, என் பேப்பரை நீங்க படிக்கவே இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அந்த வழக்கில் என்ன தண்டனை கிடைத்தது என்பதைவிட அந்தக் கேள்விதான் இன்றும் என் நினைவில் நிற்கிறது. அந்த அலுவலகத்தில் எனக்கு வாய்ப்புகள் நிறையக் கிடைத்தன. ஆனால் நான் எழுதியதைப் படித்துத் திருத்த ஒருவரும் இல்லை. ஓராண்டுக்குப் பிறகு வேறோர் இடத்தில், ஓர் அம்மையாரின் கீழ் சேர்ந்தேன். ஆறு பக்கப் பிரமாண வாக்குமூலம் ஒன்றை அவர் ஏழு முறை சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். நான் வழக்கறிஞரானது அங்கேதான்.

ஆகவே பீப்பிள்ஸ் பார்க் சென்டர் அலுவலகத்துக்கு இன்னொரு முறை சென்று, உங்கள் வரைவுகளை யார் படிப்பார், எத்தனை நாளில் திருத்தித் தருவார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அவருடன் ஒரு நாள் நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். நல்ல மூத்தவர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். கடந்த இரண்டு ஆண்டுகளில் அங்கிருந்து விலகிய இளையவர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தொழிற்சான்றிதழின் கட்டணத்தையும் தொழில்முறைக் காப்புறுதியையும் அலுவலகமே ஏற்குமா, சம்பள உயர்வு எப்போது, போனஸ் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையெல்லாம் வேலை ஒப்பந்தத்தில் எழுத்தில் பெறுங்கள். சிறிய அலுவலகத்தாரிடம் பணம் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். கட்சிக்காரருக்காகப் பேசவிருப்பவர் தனக்காகவும் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது, அதை உங்கள் கடிதத்தில் காணவில்லை. இப்போது இருக்கும் நிறுவனத்திலேயே வழக்காடல் பிரிவில் இடம் உண்டா என்று கேட்டீர்களா? பெரிய நிறுவனத்தின் வழக்காடல் பிரிவில் முதல் ஆண்டுகள் பெரும்பாலும் ஆய்வு செய்வதிலும் ஆவணத் தொகுப்புகளைத் தயாரிப்பதிலும் கழியும். எழுந்து நின்று பேசும் வாய்ப்பு மெதுவாகவே வரும். ஆனால் பெரிய வழக்கு ஒன்று எப்படிக் கட்டி எழுப்பப்படுகிறது என்பதை அங்கே கற்கலாம். அது கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கும் நிம்மதி. கிடைக்காவிட்டால், உங்கள் வரைவைத் திருத்தப்போகிறவர் யார் என்ற கேள்விக்குச் சரியான பதில் வந்தால், 5,000 வெள்ளி வேலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. சரியான பதில் வராவிட்டால் அந்த வேலை 6,000 வெள்ளிக்கு வந்தாலும் வேண்டாம்.

கேள்வி: ஐயா, என் மகன் வெளிநாட்டில் சட்டம் படித்துவிட்டு வந்து, அப்படிப் படித்தவர்களுக்கான 'ஏ' பகுதித் தேர்வையும் எழுதி முடித்தான். இப்போது 'பி' பகுதிக்குத் தயாராகிறான். முன்பெல்லாம் பயிற்சி ஆறு மாதம்தானே, இப்போது ஓராண்டு என்கிறார்கள். அவனுக்குப் பேசியிருக்கும் பயிற்சிப் படித்தொகை மாதம் 1,500 வெள்ளி. படித்த பிள்ளைக்கு இது நியாயமா?
— வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: 2023இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024 தேர்வுக்காரர்கள் முதல் பயிற்சிக் காலம் ஓராண்டாக நீட்டப்பட்டது. ஆறு மாதத்தில் ஒரு வழக்கின் தொடக்கத்தையும் முடிவையும் பார்க்கவே முடியாது என்பதால் இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் அதன் சுமை உங்களைப் போன்ற பெற்றோர் மீது விழுகிறது என்பதையும் உணர்கிறேன். ஆறு மாதம் குறைந்த தொகையில் சமாளித்த குடும்பம் இப்போது 12 மாதம் சமாளிக்க வேண்டும்.

படித்தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிதும் மாறுகிறது. 1,500 வெள்ளி குறைவு என்பதே என் கருத்து. மகன் பணிவாகக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அதைவிட முக்கியமாக, பயிற்சி முடிந்தபின் வேலையில் தொடர வைக்கும் முடிவை எந்த மாதத்தில் சொல்வார்கள் என்று முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். கடைசி வாரம் வரை காத்திருக்க வைத்துவிட்டு இடமில்லை என்று சொன்னால், மகன் வேறு இடம் தேடுவதற்குள் இரண்டு, மூன்று மாதங்கள் வருமானமின்றிப் போய்விடும்.

இதே திருத்தத்தில் வந்த இன்னொரு வசதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 'பி' பகுதியில் தேர்ச்சி பெற்றவர்கள், தொழில் நடத்தாத வழக்கறிஞராக, பயிற்சி முடிக்காமலேயே நீதிமன்றத்தில் பெயர் பதிவு செய்துகொள்ளலாம். வங்கியிலோ நிறுவனத்தின் உள்சட்டப் பிரிவிலோ வேலைக்குப் போக நினைப்பவருக்கு இது போதும். மகனுக்கு உண்மையிலேயே எதில் நாட்டம் என்று ஒரு மாலை உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள் ஐயா.

கேள்வி: வழக்கறிஞராக இது எனக்கு இரண்டாம் ஆண்டு. தினமும் 13, 14 மணி நேரம் வேலை. சனி, ஞாயிறும் கைப்பேசி ஓய்வதில்லை. கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் கேட்க முடியுமா? விலகிவிடலாமா? விலகினால் மூன்று மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கேட்க முடியாது. வேலைநியமனச் சட்டம் 2019 ஏப்ரல் 1 முதல் நிபுணர்கள், நிர்வாகிகள் உட்பட அனைவரையும் உள்ளடக்குகிறது. சம்பளத்தைக் காலத்தில் கொடுப்பது, விடுப்பு, முறையற்ற பணிநீக்கம் ஆகியவற்றில் உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் வேலை நேரத்துக்கும் மிகைநேர ஊதியத்துக்கும் உரிய 4ஆம் பகுதி வழக்கறிஞர்களுக்குப் பொருந்துவதில்லை.

நீங்கள் தனியாகவும் இல்லை. 2024இல் புதிய வழக்கறிஞர்களை ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சியில் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன், அவர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வைக் குறிப்பிட்டார். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர், ஐந்தாண்டுகளுக்குள் தங்கள் நிறுவனத்தை விட்டு விலகக்கூடும் என்று கூறியிருந்தனர். அதிக வேலைப்பளு முதன்மையான காரணங்களுள் ஒன்று. தொழிலின் தலைமைப் பீடமே இதைப் பொது மேடையில் பேசும் நிலை வந்துவிட்டதால், உங்கள் களைப்பை உங்கள் பலவீனமாக எண்ண வேண்டாம்.

விலகுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். உங்களைச் சோர்வடையச் செய்வது சட்ட வேலையா, அல்லது அந்த அலுவலகமா? அலுவலகம்தான் என்றால் வேறு சட்ட நிறுவனத்துக்கு மாறுங்கள். அவசரப்பட்டுத் தொழிலையே விடாதீர்கள். சொந்தமாக அலுவலகம் திறக்கவோ பங்காளியாகவோ சிங்கப்பூரில் ஒருவர் குறைந்தது மூன்று ஆண்டுகள் சட்ட நிறுவனத்தில் பணியாற்றி, நிர்வாகப் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு இன்னும் ஓராண்டை ஒட்டித்தான் பாக்கி. அதை அமைதியான இடத்தில் முடித்தால் பின்னாளில் உங்களுக்கு ஒரு கதவு திறந்தே இருக்கும். தொழிற்சான்றிதழ் மார்ச் 31ஆம் தேதியோடு முடிவதால், மூன்று மாத முன்னறிவிப்பையும் அதையும் சேர்த்துப் பார்த்துத் தேதியைத் தேர்ந்தெடுங்கள்.

அரசாங்கப் பணியையும் பாருங்கள். தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம், சட்ட உதவிப் பிரிவு, 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் ஆகியவற்றில் வேலை குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே உழைத்த ஒவ்வொரு மணி நேரத்தையும் கட்டணமாகக் கணக்கு எழுதும் நெருக்கடி இல்லை. தூக்கமும் பசியும் கெட்டுவிட்ட நிலை என்றால் இவை அனைத்துக்கும் முன்பாக ஒரு மருத்துவரைப் பாருங்கள். வழக்கறிஞர் சங்கத்திலும் உறுப்பினர்களுக்கு ரகசியமான ஆலோசனைச் சேவை உண்டு.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எனக்குத் தமிழ் நன்றாகப் பேசவும் எழுதவும் வரும். சம்பளம் பேசும்போது இது உதவுமா?
— மாணவி, தெம்பனிஸ்

பதில்: பெரிய நிறுவனங்களின் சம்பள அட்டவணையில் தமிழுக்கென்று ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை. பெருநிறுவனப் பேரங்களின் ஆவணங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. கூடுதல் மொழி கேட்கும் வேலைகள் பெரும்பாலும் சீனத்தைக் கேட்கின்றன.

ஆனால் நீங்கள் எழுத்தும் அறிந்தவர் என்பதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். வேலையிடத்தில் கை நசுங்கிய ஒரு தமிழ்நாட்டு ஊழியர், வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் மனிதவள அமைச்சு வழியாக இழப்பீடு பெறலாம். அல்லது முதலாளியின் கவனக்குறைவை நிரூபித்து நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். இரண்டு வழியிலும் சேர்த்துப் பெற முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வழியில் யாருடைய தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, ஆனால் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. கோரிக்கையை ஓராண்டுக்குள் வைக்க வேண்டும். இரண்டாவதில் தொகை கூடலாம், தோற்றுப்போகவும் கூடும். காலக்கெடு மூன்று ஆண்டுகள். இந்த நான்கு வரியை, வலியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, அவர் ஊரில் பேசும் தமிழில், அவரே முடிவெடுக்கும் அளவுக்குத் தெளிவாகச் சொல்லக்கூடிய இளம் வழக்கறிஞர்கள் மிகக் குறைவு. மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்லும்போது அவர் தலையாட்டுகிறார். புரிந்ததா என்பது நமக்குத் தெரிவதில்லை.

சிறிய, நடுத்தர அலுவலகங்களில் இந்தத் திறமைக்கு மதிப்பு உண்டு. அங்கே நேர்முகத் தேர்வுக்குச் செல்லும்போது தயங்காமல் அதைச் சொல்லிச் சம்பளம் பேசுங்கள். படிப்பு முடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம். விடுமுறையில் இலவசச் சட்ட ஆலோசனை மையங்களில் தொண்டூழியராகச் சேர்ந்து, பிணை, இழப்பீடு, சமரசம், மேல்முறையீடு என்று ஒவ்வொரு சொல்லையும் அந்த மனிதர்களுக்குப் புரியும் தமிழில் சொல்லிப் பழகுங்கள். அங்கே வரும் மூத்த வழக்கறிஞர்கள் உங்களைக் கவனிப்பார்கள். என் அலுவலகத்தில் இப்போது இருக்கும் இளையவர் இருவரில் ஒருவரை நான் கண்டது அப்படிப்பட்ட ஓர் ஆலோசனை மேசையில்தான்.